கரன்ட் பில் தகராறுக்கு டெல்லி ஆணையத்துக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு மீட்டர் பழுதாகி எட்டு மாதம் ஓடவில்லை. இப்போது புது மீட்டர் வைத்துவிட்டு, அந்த எட்டு மாதத்துக்கும் சராசரி போட்டு 28,400 ரூபாய் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்பார்களாம். டெல்லியில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது, அது அரசுக்குக் கட்டுப்படாத சுதந்திர அமைப்பு, அங்கே கேஸ் போட்டால் பில் ரத்தாகிவிடும், 12,000 ரூபாய் செலவாகும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா? (வாசகர், தென்காசி மாவட்டம்)

பதில்: போடாதீர்கள். பணமும் போகும், நாளும் போகும்.

டெல்லியில் இருக்கும் ஆணையம் உங்கள் வீட்டுப் பில்லைத் தொடவே தொடாது. அதன் வேலை வேறு. என்.டி.பி.சி., நெய்வேலி போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் மின்நிலையங்கள் மாநிலங்களுக்கு விற்கும் மின்சாரத்துக்கு என்ன விலை, மாநிலம் விட்டு மாநிலம் போகும் மின்தடங்களுக்கு எவ்வளவு கட்டணம், இந்த நிறுவனங்களுக்குள் தகராறு வந்தால் யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதுதான் அது. உங்கள் கட்டணத்தை நிர்ணயிப்பது சென்னையில் உள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். 1999இல் வந்தது. அதுவும் யூனிட்டுக்கு எத்தனை ரூபாய் என்று எல்லோருக்கும் பொதுவாகத்தான் முடிவு செய்யும். உங்கள் மீட்டர் ஓடியதா, உங்கள் சராசரி சரியா என்று தனி ஆளின் பில்லை எடுத்து விசாரிக்காது. தனிப்பட்ட நுகர்வோர் புகாருக்கு ஆணையம் இடமல்ல, அதற்கென்று உள்ள மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2007இல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் சொல்லிவிட்டது.

இது தெரியாமலா உங்களிடம் 12,000 கேட்கிறார்கள்? தெரிந்தேதான் கேட்கிறார்கள். "கமிஷன்ல பெட்டிஷன்" என்று சொன்னால் ஜனங்கள் மிரண்டுபோய்ப் பணத்தை எடுத்து வைக்கிறார்கள். இந்த ஆட்கள் செய்வது என்ன? வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். இ.பி. கார்டையும் பழைய ரசீதுகளையும் அசலாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு மனுவை அனுப்புவார்கள், "உரிய மன்றத்தை அணுகவும்" என்று அது திரும்பி வரும். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியதற்கான கெடு முடிந்துபோயிருக்கும். இன்னொரு வகை ஆள் மனுவே அனுப்ப மாட்டார், "உள்ளே பேசிட்டேன், பாதியா குறைச்சுடுவாங்க" என்பார். குறையாது. கொடுத்த காசுக்கு ரசீதும் கிடையாது. கார்டின் அசலை எந்த ஆளிடமும் கொடுக்காதீர்கள், எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த இரண்டையும் செய்யாமலிருந்தாலே பாதி ஆபத்து போய்விடும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் கணக்கைப் பாருங்கள். மீட்டர் பழுதான காலத்துக்கு, பழுதாவதற்கு முந்தைய நான்கு மாதச் சராசரியை எடுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு மின் வழங்கல் விதி. அந்த நான்கு மாதத்தில் வீட்டில் கல்யாணம், விருந்தாளி என்று உபயோகம் வழக்கத்துக்கு மாறாக இருந்திருந்தால், முந்தைய 12 மாதத்தில் தொடர்ச்சியான வேறு நான்கு மாதத்தை எடுக்கலாம். அப்புறம், பெரும்பாலோர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். எட்டு மாதம் என்றால் நான்கு பில். ஒவ்வொன்றிலும் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக்கூட விலையும் ஏறும். எட்டு மாத யூனிட்டையும் ஒரே பில்லில் கொட்டியிருந்தால் விலை உச்சப் படிக்குப் போயிருக்கும், மூன்று தவணை இலவச யூனிட்டும் காணாமல் போயிருக்கும். உங்கள் 28,400ஐப் பார்த்தால் எனக்கு முதலில் எழும் சந்தேகம் இதுதான். இடையில் நீங்கள் கட்டிய தொகையைக் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

துண்டித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவிலேயே வழி இருக்கிறது. முதலாவது, துண்டிப்பதற்கு முழுதாக 15 நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். இரண்டாவது, தொகையில் தகராறு இருந்தால், கேட்கும் முழுத் தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான கட்டணம், இவற்றில் எது குறைவோ அதை "எதிர்ப்புடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டினால், தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. கவுன்ட்டரில் குறைத்து வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு உதவிப் பொறியாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

அதில் தீராவிட்டால் உங்கள் மின்பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். வக்கீல் தேவையில்லை, ஒரு வெள்ளைத்தாள் மனுவும் பில் நகல்களும் போதும். அந்த மன்றத்தின் தலைவர் யார் தெரியுமா? அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். பில் போட்ட நிறுவனத்தின் அதிகாரியே பில் சரியா என்று தீர்ப்பு சொல்கிறார். எத்தனையோ வருடமாக இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், யார் காதிலும் ஏறவில்லை. அதனால் அங்கே தோற்றால் மனம் தளராதீர்கள். உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். இவரை நியமிப்பது ஆணையம், மின்வாரியம் அல்ல.

இப்போது கட்டாயம் பார்க்க வேண்டிய விதிவிலக்கு. உங்கள் நோட்டீஸை எடுத்து அதில் "பிரிவு 126" என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பக்கம் மட்டுமல்ல, கடைசி வரி வரை. வீட்டு இணைப்பில் கடை நடத்தியது, அனுமதித்த அளவுக்கு மேல் இழுத்தது போன்றவற்றை "அங்கீகாரமற்ற உபயோகம்" என்று சொல்லி மதிப்பீடு செய்யும் பிரிவு அது. அந்தக் கேஸாக இருந்தால் நான் மேலே சொன்ன மன்றம் உங்களுக்கு இல்லை. நுகர்வோர் நீதிமன்றமும் இல்லை, அதை உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும், சும்மா இருந்துவிடக் கூடாது. இறுதி உத்தரவு வந்த பிறகு 30 நாளுக்குள், கேட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டு, 127ஆவது பிரிவின்படி மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டும். பாதிப் பணம் கட்டாமல் மனுவையே எடுக்க மாட்டார்கள்.  நோட்டீஸில் பிரிவு எண்ணே போடாமல் தொகையை மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பிரிவின் கீழ் இந்தத் தொகை என்று கேட்டு அன்றைக்கே கடிதம் கொடுங்கள்.

ஆணையம் "சுதந்திரமானது" என்பது பற்றியும் ஒரு வார்த்தை, நம் தமிழ்நாட்டு ஆணையத்தை வைத்தே சொல்கிறேன். அமைச்சரின் விருப்பப்படி கட்டணம் ஏறி இறங்காமல், கணக்கைத் திறந்து வைத்து, மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. ஆனால் நடந்தது என்ன? 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை இங்கே கட்டணம் உயரவே இல்லை. மின் நிறுவனம் கட்டண மாற்றம் கேட்காவிட்டால் ஆணையம் தானாகவே எடுத்து விசாரிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இலேயே சொல்லியிருந்தும் இந்த நிலை. நஷ்டம் சேர்ந்து சேர்ந்து, கடைசியில் ஒரேயடியாக மக்கள் தலையில் விழுந்தது. ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடம் நிரப்பப்படாததால் 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைவரை வழக்கு போனது. நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டு சுதந்திரம் என்று பேசி என்ன பயன்?

அடுத்த கட்டண உயர்வுக்கு மனு வரும்போது பத்திரிகையில் அறிவிப்பு வரும், ஆணையம் ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்தும். 2022 ஆகஸ்ட்டில் கோவை, மதுரை, சென்னையில் நடத்தியது. ஆணையத்தில் உங்கள் குரலுக்கு இடம் உண்டென்றால் அங்கேதான், யாரும் உட்கார்ந்து பேசலாம். இப்போதைய 28,400க்கு, நோட்டீஸில் உள்ள கெடு தேதிக்கு முன்னால் கணக்கைச் சரிபார்த்து, உதவிப் பொறியாளருக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள்.