தாமஸ் லிங்கன் வாங்கிய நிலங்கள்

அன்புள்ள ஐயா,

ஆபிரகாம் லிங்கனின் இளமை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவருடைய தந்தை தாமஸ் கென்டக்கியில் மூன்று முறை நிலச் சிக்கலில் மாட்டிக்கொண்டார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அந்த வரி என்னை விடவில்லை. கேட்பாரற்றுக் கிடந்த தேசம் அது, போனவன் வேலி போட்டு உழுதுகொண்டான் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். அங்கே வில்லங்கம் எப்படி வந்தது? அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறீர்கள். விசாரிக்காமல் வாங்கி ஏமாந்துவிட்டாரோ?

ஒரு வாசகர், தென்காசி

அன்புள்ள ஐயா,

தாமஸ் லிங்கன் ஏமாளி அல்ல. சோம்பேறி, பொறுப்பில்லாதவர் என்று அவரைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். மகனின் உயரத்தைக் காட்டுவதற்காகத் தந்தையைக் குழிக்குள் இறக்கும் பழக்கம் அது. 1816-ல் குடும்பம் கென்டக்கியை விட்டு இண்டியானாவுக்குப் போனதற்கு அடிமை முறை ஒரு காரணம், ஆனால் முதன்மையான காரணம் கென்டக்கியின் நில உரிமைக் குழப்பம் என்று ஆபிரகாம் லிங்கனே 1860-ல் எழுதியிருக்கிறார். அந்தக் குழப்பத்தை உங்களைப் போன்ற ஒருவரால்தான் முழுதாகப் புரிந்துகொள்ள முடியும்.

கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. விடுதலைப் போரில் கஜானா காலியாகியிருந்த வர்ஜீனியா அரசு, 1779-ல் ஒரு சட்டம் போட்டு நிலச் சீட்டுகளை விற்றது. சீட்டில் இத்தனை ஏக்கர் என்று இருக்கும். எங்கே என்று இருக்காது. வாங்கியவர் காட்டுக்குள் போய்ப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதை நில அளவரின் பேரேட்டில் எழுதிவைக்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். அதன் பிறகுதான் அரசு பட்டா கொடுக்கும். ஒரு கிராமத்தை முழுதாக அளந்து எண் போடாமல் நீங்கள் யாருக்காவது பட்டா கொடுத்திருப்பீர்களா? அங்கே கொடுத்தார்கள்.

எல்லை எழுதிய விதத்தைப் பாருங்கள். ஓடைக்கரையில் நிற்கும் ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை கோல் தூரம் கிழக்கே போய், இரண்டு ஹிக்கரி மரங்களுக்குத் திரும்பி, மறுபடி அதே ஓடை. நம் பழைய பத்திரங்களில் நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியிலும் மரம் வரும், ஓடை வரும். ஆனால் நான்கு பக்கமும் பக்கத்து நிலத்துக்காரரின் பெயரும் வரும். சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். கென்டக்கிக் காட்டில் அந்த ஆள் இல்லை. வெள்ளை ஓக் மரங்களோ ஆயிரக்கணக்கில். கூரையில் ஓட்டின் மேல் ஓடு ஏறி நிற்பதைப் போல ஒரே மண்ணின் மேல் மூன்று பேர், நான்கு பேர் உரிமைகள் ஏறி நின்றன.

அந்தக் காட்டுக்குப் பாதை வெட்டியவர் டேனியல் பூன். ஓடையும் மேடும் அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்த வெள்ளையருக்கும் தெரியாது. பிறருக்காக நிலம் அளந்தவரும் அவரே. அவர்கூடத் தம் கென்டக்கி நிலங்களை வழக்குகளிலும் கடனிலும் இழந்துவிட்டு 1799-ல் மிசூரிக்குப் போனார். தாமஸ் லிங்கன் அறியாமையால் இழந்தார் என்று சொன்னால், பூனுக்கு என்ன சொல்வது?

இனி தாமஸின் நிலங்கள். 1803-ல் மில் கிரீக் என்ற இடத்தில் 238 ஏக்கர் என்று எழுதி வாங்கினார். பதினோரு ஆண்டு கழித்து விற்கும்போது அது 200 ஏக்கராகத்தான் தேறியது. முப்பத்தெட்டு ஏக்கர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அளவில் பிழை. அடுத்து 1808-ல் சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையை 200 டாலருக்கு வாங்கினார். அங்கேதான் ஆபிரகாம் பிறந்தார். அந்த நிலத்தை முன்பு வாங்கிய ஒருவர் பழைய உரிமையாளருக்குப் பாக்கி வைத்திருந்தார். பாக்கி தாமஸுக்குரியது அல்ல. ஆனால் அது நிலத்தின் மேல் நின்றது, நிலத்தோடு இவர் தலையில் வந்து விழுந்தது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அப்படி ஓரிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடக்கூடிய ஏற்பாடு அங்கே ஏது? மூன்றாவதாக நாப் கிரீக்கில் 30 ஏக்கர். 1815-ல் ஃபிலடெல்ஃபியாவில் இருந்த வாரிசுதாரர்கள், 10,000 ஏக்கர் பழைய பட்டா ஒன்றைக் காட்டி, அவரையும் அக்கம்பக்கத்தாரையும் வெளியேற்றக் கோரி வழக்குப் போட்டார்கள். இந்த வழக்கில் தாமஸ் தோற்கவில்லை. 1818-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வந்து என்ன? அவர் ஒஹாயோ ஆற்றைக் கடந்து இண்டியானாவுக்குப் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

ஒஹாயோ ஆற்றுக்கு வடக்கே கதை வேறு. 1785-ல் கூட்டமைப்புப் பேராயம் ஒரு சட்டம் செய்தது: முதலில் அளவை, பிறகு விற்பனை. நிலத்தை ‘டவுன்ஷிப்’ என்ற ஆறு மைல் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு மைல் பக்கமுள்ள 36 பிரிவுகள். பிரிவு ஒன்றுக்கு 640 ஏக்கர். பதினாறாம் எண் பிரிவு அந்த ஊரின் பள்ளிக்கு. சங்கிலிக்காரர்கள் இருவர் முன்னும் பின்னுமாக நடக்க, கோடரிக்காரர் புதரை வெட்டி வழிவிட, மூலையை அடுத்த மரத்தின் பட்டையைச் செதுக்கிப் பிரிவின் எண்ணை அதில் வெட்டினார்கள். மரம் அங்கே எல்லை இல்லை, எல்லைக்குச் சாட்சி மட்டுமே. எனக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியதாகப் படுகிறது. மரம் விழுந்தாலும் எண் விழாது.

அவர்கள் இழுத்தது கன்டர் சங்கிலி. 66 அடி, 100 லிங்க். அதையேதான் சென்னை மாகாணத்திலும் இழுத்தார்கள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். உங்களுக்கு நான் சொல்லித் தரவில்லை. மனைக்குச் சென்ட் கணக்கில் பணம் கொடுக்கும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.

இண்டியானாவில் தாமஸ் எடுத்த நிலத்தின் எல்லை ஒரே வரியில் அடங்கிவிடும்: தெற்கே நான்காம் டவுன்ஷிப், மேற்கே ஐந்தாம் வரிசை, 32-ஆம் பிரிவின் தென்மேற்குக் கால் பகுதி. 160 ஏக்கர். ஏக்கர் இரண்டு டாலர், மொத்தம் 320. 1817 அக்டோபரில் வின்சென்ஸ் நில விற்பனை அலுவலகத்தில் 16 டாலர் கட்டினார். டிசம்பரில் 64 டாலர். கால் பங்கு முடிந்தது. மீதிக்கு அரசே தவணை கொடுத்தது.

அந்தத் தவணையில்தான் புதிய சிக்கல் பிறந்தது. 1819-ல் பொருளாதாரம் நொறுங்கி, விளைச்சலுக்கு விலையில்லாமல் போயிற்று. நிலம் வாங்கியோர் அரசுக்கு வைத்திருந்த பாக்கி இரண்டு கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1820-ல் தவணை முறையையே ஒழித்துவிட்டு, ஏக்கர் ஒன்றேகால் டாலர், முழுப் பணமும் கையில் என்று ஆக்கினார்கள். ஏற்கெனவே பாக்கியில் இருந்தவர்கள் நிலத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து மீதியைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் வந்தது. தாமஸ் கிழக்குப் பாதியைக் கொடுத்துவிட்டு, 1827-ல் மேற்குப் பாதிக்குப் பட்டா வாங்கினார். வாழ்க்கையில் அவர் கையில் வந்த, யாரும் கேள்வி கேட்க முடியாத பட்டா. இரண்டு டாலர் கணக்கில் வாங்கிய அந்த 80 ஏக்கரை 1830-ல் 125 டாலருக்கு விற்றுவிட்டு இலினாய்ஸுக்கு வண்டி கட்டினார். மூன்று ஆண்டு கழித்து, அங்கே சேங்கமன் மாவட்டத்தில் துணை நில அளவராக வேலைக்குச் சேர்ந்தார் மகன் ஆபிரகாம். மில் கிரீக்கில் தந்தை இழந்த முப்பத்தெட்டு ஏக்கரை அவர் நினைத்துக்கொண்டாரா என்பது தெரியாது. சங்கிலியைப் பிடித்தது மட்டும் உண்மை.

கடைசியாக, ‘கேட்பாரற்றுக் கிடந்த’ என்ற உங்கள் சொல். அதை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. இண்டியானாவின் அந்த 80 ஏக்கருக்குத் தாய்ப்பத்திரம் தேடிப் போனால், 1804-ல் டெலவேர், பியாங்கஷா என்ற பூர்வகுடி மக்களிடம் ஆளுநர் ஹாரிசன் வாங்கிய ஒப்பந்தத்தில் போய் நிற்போம். கென்டக்கியின் கதை அதைவிடக் கொடுமை. 1775-ல் ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்பவர் செரோக்கி மக்களின் தலைவர்களிடம் சரக்குகளைக் கொடுத்துப் பெரும் நிலப்பரப்பை வாங்கினார். இளம் தலைவர் ஒருவர் எழுந்து எதிர்த்தும் கேட்கவில்லை. அங்கே வேட்டையாடிவந்த ஷாவ்னி மக்களை யாரும் கூப்பிடக்கூட இல்லை. மூன்று ஆண்டில், தனியார் இப்படி வாங்கியது செல்லாது என்று வர்ஜீனியா அறிவித்தது. கிரையம் செல்லாது என்றால் சொத்து விற்றவருக்குத் திரும்ப வேண்டும் அல்லவா? திரும்பவில்லை. ஹெண்டர்சன் குழுவுக்கு ஈடாக இரண்டு லட்சம் ஏக்கர் கொடுத்துவிட்டு, மற்றதை வர்ஜீனியாவே வைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு சீட்டுகளாக விற்கத் தொடங்கிய நிலம் அதுதான்.

அந்தச் சீட்டுகளால் 5,000 ஏக்கருக்கு மேல் சேர்த்தவர்களில் ஒருவர் தாமஸின் தந்தை. அவர் பெயரும் ஆபிரகாம். 1786-ல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது காட்டோரத்திலிருந்து பூர்வகுடியினர் சுட்டதில் அங்கேயே இறந்தார். பக்கத்தில் இருந்த தாமஸுக்கு வயது எட்டு. சொத்து மூத்த மகனுக்கே என்ற பழைய சட்டம் ஒழிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. எல்லா நிலமும் அண்ணன் மார்டெகாய்க்குப் போயிற்று. தாமஸுக்கு ஒரு ஏக்கர்கூட வரவில்லை. அதனால்தான் அவர் விலைக்கு வாங்கப் போனார்.

அன்புடன்