கல்லூரி ஆட்டப் பந்தயத்தில் 56 சதவீதம் ஜெயித்தேன். 25,000 டாலர் சேமிப்பை இறக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் மனைவி, மூன்று வயது மகளுடன் இருக்கிறேன். எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை, ஆண்டுச் சம்பளம் 1,40,000 டாலர். மனைவிக்கு வேலை அனுமதி இல்லை. வாடகை வீடு. சொந்த வீட்டுக்கான முன்பணமாக 25,000 டாலர் சேர்த்திருக்கிறேன். 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் சம்பளத்தில் 3 சதவீதம் போடுகிறேன். கம்பெனி 6 சதவீதம் வரை டாலருக்கு டாலர் தரும். கல்லூரி அமெரிக்க ஃபுட்பால், கூடைப்பந்து ஆட்டங்களுக்கு நானே ஒரு மாடல் எழுதி, ஒரே வருடத்தில் ஸ்ப்ரெட் (எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தய நிறுவனம் வைக்கும் கோடு) மீது 200 பந்தயம் கட்டினேன். ஒவ்வொன்றும் 55 டாலர். 112 வெற்றி, 88 தோல்வி. இனி ஆட்டத்துக்கு 1,000 டாலர் கட்டினால் இரண்டு வருடத்தில் சேமிப்பு இரட்டிப்பாகும் என்று கணக்குப் போடுகிறேன். மாதம் 99 டாலருக்கு வெற்றி பெறும் அணிகளைச் சொல்லும் ஒரு டெலிகிராம் குழுவிலும் சேரலாமா? கோயம்புத்தூரில் இருக்கும் தம்பியும் பணம் அனுப்புகிறேன் என்கிறான்.

பதில்: 25,000 டாலரைத் தொடாதீர்கள். குழுவில் சேராதீர்கள். தம்பியிடம் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மாடலைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. 200 பந்தயத்துக்கும் ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. அந்தக் கணக்கை வைத்தே பேசலாம்.

ஸ்ப்ரெட் பந்தயத்தில் வழக்கமான விலை மைனஸ் 110. அதாவது 100 டாலர் ஜெயிக்க 110 கட்ட வேண்டும். அதனால் பாதிக்குப் பாதி ஜெயித்தால் நஷ்டம்தான். கைமுதல் கரையாமல் நிற்கவே 52.38 சதவீதம் ஜெயிக்க வேண்டும். நீங்கள் 56 சதவீதம். வெற்றியில் 5,600 வந்தது, தோல்வியில் 4,840 போனது, மிச்சம் 760 டாலர். நல்ல எண்தான். ஆனால் 200 பந்தயத்தில் ஏழு ஆட்டம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ சாய்வது மிகச் சாதாரணம். கடைசி நிமிடத்தில் யாரோ போட்ட ஒரு மூன்று புள்ளி ஷாட் போதும், ஒரு ஆட்டம் கை மாறிவிடும். அப்படி ஏழு ஆட்டம் மாறியிருந்தால் உங்கள் கணக்கு 105 வெற்றி, 95 தோல்வி. வருட லாபம் 25 டாலர். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து நூறு பேர் ஆளுக்கு 200 பந்தயம் கட்டினாலும், அவர்களில் ஐந்து பேருக்கு 112 வெற்றியோ அதற்கு மேலோ வரும். நீங்கள் அந்த ஐவரில் ஒருவரா, உண்மையிலேயே திறமையுள்ளவரா என்பதை 200 ஆட்டம் சொல்லாது. ஆயிரம் தாண்டினால்தான் கொஞ்சம் தெளியும்.

இப்போது நீங்கள் எழுதாமல் விட்ட விஷயத்துக்கு வருகிறேன். வரி.

அமெரிக்க மத்திய வரியில் பந்தய வெற்றி முழுவதும் வருமானம். பந்தய ஆப் உங்களுக்குப் படிவம் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் காட்டியாக வேண்டும். தோல்வியைக் கழிக்க வேண்டுமென்றால், கணக்குக் காட்டாமலே எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவை விட்டுவிட்டு, செலவுகளைத் தனித்தனியாகக் காட்டும் வழிக்குப் போக வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக் கடன் வட்டி இல்லாதவர், தம்பதியாகத் தாக்கல் செய்பவர். நீங்கள் நிலையான கழிவைத்தான் எடுத்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்கு வரி 760 டாலருக்கு இல்லை, 5,600 டாலருக்கு. உங்கள் சம்பளத்துக்கு மேல் வரும் வருமானத்துக்கு வரி விகிதம் 22 சதவீதம். 1,232 டாலர் வரி. 760 சம்பாதிக்க 1,232 கட்டியிருக்கிறீர்கள், அல்லது கட்ட வேண்டியிருக்கிறது. கட்டவில்லை என்றால் திருத்திய தாக்கல் போடுங்கள். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் வரிக் கணக்கில் ஓட்டை வைத்திருக்கக் கூடாது. நியூ ஜெர்சி மாநில வரியில் அதே வருடத் தோல்வியை வெற்றியிலிருந்து கழித்துக்கொள்ளலாம், அந்த மட்டில் நிம்மதி.

ஆட்டத்துக்கு 1,000 டாலர் கட்டினால் தோல்வித் தொகை நிலையான கழிவைத் தாண்டிவிடுமே, அப்போது கழித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதையும் போட்டுப் பார்த்தேன். அதே 56 சதவீதத்தையே வைத்துக்கொள்வோம். வெற்றியில் சுமார் 1,01,800, தோல்வியில் 88,000, கையில் நிற்பது 13,800 டாலர். 2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், 2026 வரியாண்டிலிருந்து பந்தயத் தோல்வியில் 90 சதவீதத்தை மட்டும் கழிக்க விடுகிறது. ஆக உங்களுக்குக் கிடைக்கும் கழிவு 79,200. அதை எடுப்பதற்காக, பந்தயமே கட்டாவிட்டாலும் கிடைத்திருக்கக்கூடிய 32,200 டாலர் நிலையான கழிவை இழக்கிறீர்கள். 13,800 லாபத்துக்கு உங்கள் வரிக்குரிய வருமானம் 54,000 டாலருக்கு மேல் ஏறுகிறது. மாநில வரி போன்ற மற்றக் கழிவுகளைச் சேர்த்தாலும் மத்திய வரி மட்டும் பத்தாயிரம் டாலருக்கு மேல் கூடும். மாடல் சரியாக வேலை செய்தால் வரும் நிலைமை இது. சரியாக வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எஃப்-1 விசாவில் படிக்கும் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளில் நீங்கள் பெரும்பாலும் வரிக்கணக்கில் வெளிநாட்டவர். உங்கள் பந்தய வெற்றிக்கு 30 சதவீத வரி, தோல்வியை ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. மார்ச் மாதம் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர் நடக்கையில் ரூமில் எல்லோரும் ஆப் திறந்து உட்காரும்போது இதை நினைவில் வையுங்கள்.

பந்தய அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடிசனிலிருந்து அதிக தூரமில்லாத மரே ஹில்லில் பெல் ஆய்வகம் இருந்தது. அங்கே வேலை செய்த ஜான் கெல்லி 1956-ல் எழுதிய சூத்திரத்தைத்தான் இன்றும் தொழில்முறைப் பந்தயக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். உங்கள் உண்மையான வெற்றி விகிதம் 54 சதவீதம் என்றால் ஒரு ஆட்டத்தில் கைமுதலில் 3.4 சதவீதம்தான் உச்ச வரம்பு; 53 சதவீதம் என்றால் 1.3 சதவீதம், 52 என்றால் பூஜ்யம். நீங்கள் போட நினைப்பது 4 சதவீதம். 54 சதவீதம் ஜெயிப்பவருக்கே 200 பந்தயத்தில் எங்காவது ஆறு தொடர் தோல்வி வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அந்த வாரம் 6,000 டாலர் போயிருக்கும், மகளுக்கு டேகேர் கட்டணம் கட்டும் தேதியும் வந்திருக்கும். அப்போதும் மாடல் சொன்னதையே கட்டுவேன் என்று இப்போது சொல்வது சுலபம்.

அப்படியே 1,000 டாலர் கட்ட ஆப் விடுமா என்பதும் சந்தேகம். டியூக், அலபாமா போன்ற பெரிய அணிகளின் ஸ்ப்ரெட்டில் பெரும்புள்ளிகள் எல்லோரும் கை வைத்து விலையைச் சரியாக்கிவிடுகிறார்கள். முதல் டிவிஷனில் 350-க்கு மேற்பட்ட கூடைப்பந்து அணிகள் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு யாரும் பார்க்காத சிறிய கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) ஆட்டங்களில்தான் விலை தவறாக இருக்கும். உங்கள் லாபமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பது என் ஊகம், பிரித்துப் பாருங்கள். அந்த ஆட்டங்களில் ஆப்கள் வாங்கும் தொகையே குறைவு. தொடர்ந்து ஜெயிப்பவரின் வரம்பைச் சில பத்து டாலருக்கு இறக்கிவிடுவதும் இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

மாடலுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 2021-ல் வீரர்கள் ஒரு வருடம் உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆட, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ வழி திறந்துவிட்டது. போன வருட அணி வேறு, இந்த வருட அணி வேறு. சீசன் முடிவில் வரும் பவுல் ஆட்டங்களுக்கு முன்னால், என்எஃப்எல் என்ற தொழில்முறை ஃபுட்பால் லீக் கனவுள்ள வீரர்கள் விலகிக்கொள்கிறார்கள். யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று பட்டியல் தரும் வழக்கத்தை பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023-ல்தான் தொடங்கியது, எஸ்இசி கான்ஃபரன்ஸ் 2024-ல். பழைய தரவில் பயிற்சி பெற்ற மாடல் இதையெல்லாம் அறியாது. என்ன தரவு வைத்திருந்தாலும் சில ஆட்டங்கள் கைக்கு அடங்காது. 2018-ன் மார்ச் கூடைப்பந்துத் தொடரில் 16-ம் தரவரிசையில் இருந்த மேரிலாந்தின் யுஎம்பிசி பல்கலைக்கழகம், முதல் தரவரிசை வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. 2023-ல் நம் மாநிலத்து எஃப்டியு பல்கலைக்கழகம் பர்டூவைச் சாய்த்தது. 2022-ல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் கென்டக்கி அணியைச் சாய்ப்பதில் ஆரம்பித்துக் கடைசி எட்டு வரை போனது. எஃப்டியு, செயின்ட் பீட்டர்ஸ் ஆட்டங்களின் மீது நியூ ஜெர்சியில் இருந்தபடி சட்டப்படி ஒரு டாலர்கூடக் கட்டியிருக்க முடியாது, ஏனென்றால் இந்த மாநிலக் கல்லூரிகள் மீதான பந்தயத்துக்கு இங்கே தடை. 2021-ல் மக்கள் வாக்கெடுப்பிலும் அந்தத் தடையை நீக்க மறுத்துவிட்டார்கள். அதைத் தாண்ட வெளிநாட்டு இணையதளம் எதற்கும் போய்விடாதீர்கள். அங்கே போன பணத்தைத் திரும்பக் கேட்க இந்த மாநிலத்தில் எந்த அலுவலகமும் உங்களுக்குக் கைகொடுக்காது.

99 டாலர் குழு விஷயத்தை நீட்ட விரும்பவில்லை. ஆட்டத்துக்கு 55 டாலர் கட்டுபவர் வருடம் 1,188 டாலர் சந்தா கட்டினால், போன வருட லாபம் போய் 400 டாலருக்கு மேல் கடன். அதோடு, 1,600 பேருக்குச் செய்தி அனுப்பும் ஒருவன் பாதிப் பேருக்கு ஒரு அணியையும் மீதிப் பேருக்கு எதிரணியையும் சொல்லி, ஜெயித்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டே போனால், ஐந்து வாரம் கழித்து 50 பேருக்கு அவன் தவறே செய்யாத ஜோசியனாகத் தெரிவான். உங்களுக்கு அந்தக் குழுவைச் சிபாரிசு செய்த நண்பர் அந்த ஐம்பதில் ஒருவராக இருக்கலாம்.

தம்பிக்கு: லாட்டரி, ஃபுட்பால் பூல், ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவது, 2000-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின் முதல் அட்டவணையில் நேரடியாகத் தடை செய்யப்பட்ட செலவு. வேறு காரணம் எழுதி அனுப்பினால் அது பொய் அறிவிப்பு. மாட்டுவது தம்பி. அவன் பணம் தோற்றால் குடும்பத்தில் வரும் மனஸ்தாபத்துக்கு எந்தக் கணக்கிலும் கழிவு கிடையாது.

சரி, வீட்டு முன்பணம் எப்படிச் சேரும்? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. கம்பெனி 6 சதவீதம் வரை ஈடு தருகிறது, நீங்கள் 3 போடுகிறீர்கள். வருடத்துக்கு 4,200 டாலரை வேண்டாம் என்று விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். 200 இரவுகள் விழித்துச் சம்பாதித்த 760-ஐப் போல ஐந்து மடங்குக்கு மேல். அடுத்த சம்பளத்துக்குள் 6 சதவீதமாக மாற்றுங்கள். அந்தப் பணம் ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டியிருக்கும், வீட்டுக்கு உடனே ஆகாது என்பது உண்மை. ஆனாலும் இந்த வருமானத்தில் முதலில் செய்ய வேண்டியது அதுதான். 25,000-ஐ மத்திய அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களான டிரஷரி பில்களில் வையுங்கள். அந்த வட்டிக்கு நியூ ஜெர்சி வரி கிடையாது.

மாடல் எழுதுவது பிடித்திருக்கிறது என்றால் அதை விட வேண்டாம். சினிமா, ஹோட்டல் செலவோடு ஒன்றாக வருடத்துக்கு ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள், தீர்ந்தால் அந்த வருடம் முடிந்தது. கிரெடிட் கார்டில் பணம் போடாதீர்கள். பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு முதல் நாளிலிருந்தே வட்டி போடும். பல ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டும் பார்லே பக்கமே போகாதீர்கள். மைனஸ் 110 விலையில் நான்கு ஆட்டத்தைச் சேர்த்துக் கட்டினால் 13.3 மடங்கு தருகிறார்கள், நியாயமாகத் தர வேண்டியது 16 மடங்கு. ஃபுட்பாலில் 3, 7 என்ற புள்ளி இடைவெளியில்தான் நிறைய ஆட்டங்கள் முடிகின்றன. ஒரு ஆப்பில் 3 என்றும் இன்னொன்றில் 3.5 என்றும் இருந்தால் அந்த அரைப் புள்ளிக்கு உண்மையான மதிப்பு உண்டு. நீங்கள் கட்டிய ஸ்ப்ரெட்டையும் ஆட்டம் தொடங்கும்போது இருந்த ஸ்ப்ரெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். சந்தை திரும்பத் திரும்ப நீங்கள் கட்டிய பக்கமே நகர்ந்தால் மாடலில் விஷயம் இருக்கிறது. வெற்றி தோல்வியை விட வெகு சீக்கிரம் இதில் தெரிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் மனைவிக்கு இந்தப் பந்தயங்கள் தெரியும் என்று எங்கேயும் இல்லை. தெரியாவிட்டால் இந்த வாரமே சொல்லுங்கள். தோற்றதை மீட்க இன்னொன்று கட்டியதோ, மறைத்துக் கட்டியதோ நடந்திருந்தால் 1-800-கேம்ப்ளர் என்ற உதவி எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் பேசலாம். மாநிலத்தின் சுயவிலக்குப் பட்டியலில் பெயர் கொடுத்தால் நியூ ஜெர்சியின் எந்தப் பந்தய ஆப்பும் உங்களை உள்ளே விடாது. அந்த நிலைக்கு வரவில்லை என்றால், அடுத்த சீசனின் ஸ்ப்ரெட் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், வரிக்கணக்கோடு சேர்த்துப் பார்ப்போம்.