சம்பளம் கொடுத்து ஒருவரைப் படிக்க வைப்பார்களா?

அன்புள்ள அம்மா,

கரூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "மாதச் சம்பளம் கொடுத்து ஒரு பெண்ணைப் படிக்க வைக்க அந்த ஊர்க்காரர்களுக்கு என்ன வேண்டுதல்? இதில் ஏதோ சூது இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் முதல் முறை சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோரில் பெரும்பாலோர் பல்கலைக்கழகம் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்றுதான் என்னிடம் கேட்பார்கள். நீங்கள் ஒருவர்தான் பணம் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மளிகைக் கடை நடத்துகிறவரின் கேள்வி அது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு நெதர்லாந்துக்குப் போவது, நம் ஊரில் சொல்லும் பொருளில், படிப்பதற்காக அல்ல. அந்த நாட்டில் பி.எச்டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. பல்கலைக்கழகம் விளம்பரம் கொடுக்கிறது, விண்ணப்பம் வாங்குகிறது, நேர்காணல் நடத்துகிறது, பணி ஆணை தருகிறது. வகுப்பு என்று போனால் சொற்பம். ஆய்வகத்தில் நடக்கும் சோதனைகள், அவற்றிலிருந்து வெளிவரும் கட்டுரைகள், இளநிலை மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஓடுவதே இவர்களுடைய கைகளால்தான். பேராசிரியர் பெயரில் ஆராய்ச்சி நிதி வரும். அதை வைத்து இரவும் பகலும் குடுவைகளோடு நிற்பது இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். போதாததற்கு, முடிக்கப்படும் ஒவ்வொரு முனைவர் பட்டத்துக்கும் நெதர்லாந்து அரசு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தொகை தருகிறது. ஆக, உங்கள் மகளுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் தர்மமும் இல்லை, சூதும் இல்லை. கூலி, அவ்வளவுதான்.

கூலி எவ்வளவு என்பதும் ஒளிவுமறைவு இல்லாத செய்தி. நாட்டிலுள்ள பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தின்படி, 2024-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் முதலாண்டு ஆய்வாளருக்கு வரிப்பிடித்தத்துக்கு முன் மாதம் சுமார் 2,900 யூரோ. நான்காம் ஆண்டில் 3,700-ஐ எட்டியது. இதற்கு மேல் விடுமுறைப் படியாக 8 சதவீதமும், ஆண்டிறுதியில் 8.3 சதவீதமும் உண்டு. உடனே இதை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். வரி போகும், காப்பீடு போகும். அந்த நாட்டில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. ஓர் அறையின் வாடகையே கையில் வரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆளை வாட்டாமல் வாழலாம், வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்பலாம். நிலம் வாங்குகிற பணம் இல்லை.

மகளிடம் அவருடைய பணி ஒப்பந்தத்தில் ஒரு வரியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். நான்காண்டு வேலை என்று சொன்னாலும், பெரும்பாலும் முதலில் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோதான் எழுதித் தருவார்கள். அதற்குள் ஒரு மதிப்பீடு நடக்கும். தேறினால் மீதி ஆண்டுகள், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட். பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் அப்படி ஒரு வாசற்படி இருப்பது தெரியாமல் போய் நிற்கக் கூடாது.

மோசடியா என்று சரிபார்ப்பதும் எளிது. உண்மையான பணி ஆணை பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து வரும், பல்கலைக்கழக முகவரியிலிருந்தே வரும். தங்கும் அனுமதிக்கான விண்ணப்பத்தையும் பல்கலைக்கழகமே அந்த நாட்டுக் குடியேற்றத் துறையிடம் கொடுக்கும். இடத்தை உறுதி செய்ய முன்பணம் கட்டு என்று யாராவது கேட்டால், நடுவில் ஏஜென்ட் என்று ஒருவர் முளைத்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் மகள் எனக்கு அனுப்பிய ஆணையில் அப்படி எதுவும் இல்லை.

"இங்கிலாந்தில் என் அண்ணன் மகனுக்குப் பி.எச்டி. இடம் கிடைத்தது, அவன் கட்டணம் கட்டினானே" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒவ்வொரு நாட்டிலும் பி.எச்டி. ஒவ்வொரு விதம். ஆராய்ச்சி செய்து முனைவர் ஆவது என்ற இன்றைய முறை ஜெர்மனியில், 1810-இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861-இல் முதன்முதலாக மூன்று பேருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டு அதை ஏற்றுக்கொள்ள 1917 ஆயிற்று. போன இடத்திலெல்லாம் அந்தந்த ஊர் வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

பிரிட்டனில் ஆய்வாளர் ஒரு மாணவர். அங்கே சேர்க்கை வேறு, பணம் வேறு. "உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம்" என்ற கடிதம் வந்தாலே உதவித்தொகையும் வந்துவிட்டது என்று பொருளில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்து ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு, பிறகு கட்டணச் சீட்டைப் பார்த்து என்னிடம் ஓடிவந்த குடும்பங்கள் உண்டு. அரசு ஆய்வு மன்றங்களின் உதவித்தொகை 2021-இலிருந்து வெளிநாட்டவருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆனால் நூற்றுக்கு முப்பது இடத்துக்கு மேல் போகாது. சொந்தக் காசில் பி.எச்டி. செய்யப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். செலவைப் பார்த்து மட்டும் சொல்வதில்லை. ஓர் ஆய்வுக்குப் பணம் தர உலகத்தில் ஒருவருமே முன்வரவில்லை என்றால், முடித்த பிறகு அதற்கு வேலை தரப்போவது யார்?

ஜெர்மனியில் கட்டணம் பெரும்பாலும் இல்லை, வேலையும் உண்டு. ஆனால் வேதியியல் போன்ற துறைகளில் பாதிப் பணியிடம், முக்கால் பணியிடம் என்றே விளம்பரம் வரும். சம்பளம் பாதி, உழைப்பு முழுசு. ஸ்வீடனில் நான்காண்டுக்கும் பணம் உறுதியாக இருந்தால்தான் சேர்க்கவே முடியும். அமெரிக்காவில் நான்காண்டு இளங்கலை முடித்தே நேராகச் சேரலாம். முதல் இரண்டு ஆண்டுகள் பாடம், பிறகு கடுமையான தகுதித் தேர்வு, அதன்பின் ஆய்வு. மொத்தம் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஓடிவிடும். எந்தத் தலைப்பு என்று இன்னும் முடிவாகாத பிள்ளைக்கு அமெரிக்கா நல்லது. உங்கள் மகள் பேசியதைக் கேட்டேன். அவருக்கு வேதிவினையை விரைவுபடுத்தும் வினையூக்கிகள்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். அவருக்கு அந்த ஐந்தாறு ஆண்டு சுற்றுவழி தேவையில்லை.

நம் நாட்டிலேயே செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நல்கை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. பிரதமர் ஆய்வு நல்கை கிடைத்தால் 70,000-இல் தொடங்கும். தரமணியிலும் பெங்களூரிலும் உலகத் தரத்தில் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு குறை, அந்த நல்கை மாதா மாதம் முதல் தேதியில் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும் என்று நம்பி வாடகைக்கு வீடு எடுக்க முடியாது.

நாட்டைப் பற்றிய பேச்சு போதும். உங்கள் மகளின் நான்காண்டை உருவாக்கப் போவதும் உடைக்கப் போவதும் நெறியாளர்தான், அதாவது ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர். ஜெர்மானியர்கள் நெறியாளரை 'டாக்டர் தந்தை' என்ற பொருளில் அழைப்பார்கள். பெண் என்றால் 'டாக்டர் தாய்'. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தந்தை என்றால் எல்லா வகைத் தந்தையும் உண்டல்லவா? தட்டிக்கொடுப்பவரும் உண்டு, வாரம் ஒருமுறை பேசக்கூட நேரமில்லாதவரும் உண்டு, பிள்ளை கண்டுபிடித்ததைத் தன் கணக்கில் எழுதிக்கொள்பவரும் உண்டு.

பெருமையை யாருக்குத் தருவது என்பது இந்தத் துறையில் பழைய வழக்கு. 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆய்வு மாணவி, ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருள்களில் விசித்திரமான ஒரு துடிப்பைக் கண்டார். துடிப்பு விண்மீன்கள் என்று பின்னால் பெயர் பெற்றவை அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டன. 1974-இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய நெறியாளருக்குப் போனது, மாணவிக்கு இல்லை. 2018-இல் அவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தபோது, முழுவதையும் வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வரும் இயற்பியல் ஆய்வு மாணவர்களுக்கே கொடுத்துவிட்டார். இந்தக் கதையை உங்கள் மகளிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஆகவே அவர் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் இப்போது இருப்பவர் ஒருவர், முடித்து வெளியேறியவர் ஒருவர், முடிந்தால் பாதியில் விலகியவர் ஒருவர் என்று மூவரிடம் காணொளியில் பேச வேண்டும். கடைசியாகச் சொன்னவர் கிடைப்பது கஷ்டம், ஆனால் அவருடைய அரை மணி நேரப் பேச்சு மற்ற இருவர் பேச்சைவிட மதிப்புள்ளது. கேள்விகளும் எளியவைதான். முடிக்க எத்தனை ஆண்டு ஆயிற்று? நெறியாளரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க முடியும்? கட்டுரையில் முதல் பெயர் யாருடையது? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?

இந்த வேலையில் ஒரு தனியார் நிறுவனமும் கூட்டாளி என்று ஆணையில் இருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்துத்தான் மேலும் பயந்திருக்கிறீர்கள் போலும். எனக்கு அது பிடித்த அம்சம். இப்படித் தொழிற்சாலையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒருவரை முனைவர் ஆக்கும் வழக்கம் ஐரோப்பாவில் புதிதல்ல. பிரான்சில் 1981-இலிருந்து சிஃப்ரே என்ற திட்டம் நடக்கிறது. நிறுவனம் ஆய்வாளரை மூன்றாண்டுக்கு வேலைக்கு எடுக்கும், அரசு நிறுவனத்துக்கு மானியம் தரும், ஆய்வேட்டைப் பல்கலைக்கழக ஆய்வகம் நெறிப்படுத்தும். டென்மார்க்கிலும் அப்படித்தான். எல்லா முனைவர்களும் பேராசிரியர் ஆக எந்த நாட்டிலும் நாற்காலிகள் இல்லை. முடிக்கும்போதே தொழிற்சாலையின் வாசனை தெரிந்தவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கும்.

ஆனால் நிறுவனம் வந்தால் காப்புரிமையும் கூட வரும். ஐரோப்பாவில் ஒரு கண்டுபிடிப்பைக் கட்டுரையாகவோ கருத்தரங்கிலோ வெளியிட்டுவிட்டால், அதன்பின் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. அதனால் "விண்ணப்பம் போடும்வரை கட்டுரையை அனுப்பாதே" என்று நிறுவனம் சொல்லும். அது நியாயம். ஆனால் எத்தனை மாதம் நிறுத்திவைக்கலாம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் நான்காண்டு முடியும்போது கையில் ஒரு கட்டுரையும் இருக்காது. காப்புரிமை யாருக்குச் சொந்தம் என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது மாணவருக்கு வராது. கூகுள் தேடுபொறியின் மூலமான கணக்குமுறை ஸ்டான்ஃபோர்டில் பி.எச்டி. செய்துகொண்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இருவரின் ஆய்வில் பிறந்தது. ஆனால் அதன் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்குத்தான். அதை நிறுவனத்துக்கு உரிமம் தந்து, பதிலுக்கு வாங்கிய பங்குகளை விற்றதில் ஸ்டான்ஃபோர்டுக்கு 33 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. (இருவரும் பி.எச்டி.யை முடிக்கவில்லை. இதை உங்கள் மகளுக்கு உதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

திரும்பி வந்தால் இங்கே செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகப் பொதுவாக நெட் தேர்வு வேண்டும். ஆனால் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. பெற்றவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி அப்படிச் சொல்கிறது. தரவரிசைக்கு நான் மதிப்புக் கொடுக்கும் ஒரே இடம் இதுதான். சேரப்போகும் பல்கலைக்கழகம் அந்த எண்ணுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியில், சிறிய எழுத்தில், கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இருபத்து நான்கில் போனால் இருபத்தெட்டில் வருவாள், அதற்குள் என்ன ஆகும் என்று. நான் வரன் பார்க்கும் தொழிலில் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: அவர் அங்கே ஊழியர் என்பதால், நடுவில் திருமணமாகிக் குழந்தை பிறந்தாலும் சம்பளத்தோடு 16 வாரப் பேறுகால விடுப்பு உண்டு; அந்த அளவுக்கு ஒப்பந்தமும் நீட்டிக்கப்படும். வேலை போய்விடாது. மற்றதை நீங்களும் அவரும் பேசிக்கொள்ளுங்கள், ஆனால் இந்தப் பத்து நாளுக்குள் வேண்டாம். இப்போதே அவர் தலைக்குள் போதுமான பாரம் இருக்கிறது.

பதில் அனுப்பக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமைக்குள் அந்த மூன்று பேரிடமும் பேசி முடித்திருக்க வேண்டும். கட்டுரையை எத்தனை மாதம் நிறுத்திவைக்கலாம், காப்புரிமை யாருக்கு, முதல் ஒப்பந்தம் எத்தனை மாதம் என்ற மூன்றையும் மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அங்கே எல்லாரும் கேட்பார்கள். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நெறியாளரைப் பற்றி மூவரில் இருவர் தயங்கிப் பேசினால், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம் என்று எழுதிவிடலாம். வேறு இடம் வரும். இல்லையென்றால் கையெழுத்துப் போடட்டும்.

இன்னொன்று. அந்த நாட்டில் ஆய்வேட்டுக்கான வாதம் பொது அரங்கில் நடக்கும். மேலங்கி அணிந்த பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள், உங்கள் மகளுக்கு இருபுறமும் தோழிகள் இருவர் துணை நிற்பார்கள். முக்கால் மணி நேரம் ஆனதும் ஒருவர் கோலோடு உள்ளே வந்து நேரம் முடிந்தது என்று லத்தீனில் அறிவிப்பார். பெற்றோருக்கு முன்வரிசையில் இடம். உங்களிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா?

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்