இரவு 2 மணி வரை படித்தும் ஏன் மறந்துபோகிறது?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தேர்வுக்கு மூன்று வாரங்களே இருக்கின்றன. இரவு 2 மணி வரை படித்துவிட்டுக் காலை 6 மணிக்கு எழுந்துவிடுகிறேன். மாலை நடையையும் தோழிகளுடன் பேசுவதையும் நிறுத்திவிட்டேன். சற்று ஓய்வெடுத்தாலும் குற்ற உணர்வு வாட்டுகிறது. ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை படித்திருந்தும், மாதிரித் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. இன்னும் எங்கிருந்து நேரம் எடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: எடுப்பதற்கு உங்களிடம் இனி நேரம் மிச்சமில்லை. ‘நான்கைந்து முறை படித்திருந்தும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நான்காம் முறை படிக்கும்போது பக்கம் தடையில்லாமல் ஓடும். அந்தப் பழக்கத்தையே பாடம் தெரிந்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 61 விழுக்காட்டை நினைவில் வைத்திருக்க, படித்துக்கொண்டே இருந்தவர்களிடம் 40 விழுக்காடுதான் தங்கியிருந்தது.

ஆகவே ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். முதல் நாள் அரைப் பக்கம்கூடத் தேறாமல் போகலாம். எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையால் அதே தாளில் நிரப்புங்கள். மறுநாள் ஒருமுறையும், மூன்று நான்கு நாள் கழித்து இன்னொரு முறையும் புதிய தாளில் எழுதிப் பார்த்தால், அந்த வேறு நிறம் குறைந்துகொண்டே வருவதைக் கண்ணால் காணலாம். தேர்வுக்கூடத்தில் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். அதை நீங்கள் இதுவரை ஒருநாளும் பழகவில்லை.

அடுத்தது தூக்கம். பகலில் கற்றது மூளையில் நிலைப்படும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது தேவைப்படும் இடத்தில் நீங்கள் நான்கு மணி நேரம் தருகிறீர்கள். படித்ததைச் சேர்த்துவைக்க இடம் கொடுக்காமல் மேலும் மேலும் படிப்பதில் என்ன பயன்? இரவு 11 மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஒரே நாளில் இயலாவிட்டால், நாளுக்கு அரை மணி நேரமாக முன்னே நகர்த்துங்கள். குடித்த காபியில் உள்ள காஃபினில் பாதி, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும் என்பதால், மாலைக்குப் பிறகு காபி வேண்டாம். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும்.

மாலை நடையை நாளைக்கே மீண்டும் தொடங்குங்கள். நடக்கும்போது குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள், வேண்டாம். அந்த அரை மணி நேரம் தோழியோடு பேசிக்கொண்டு போவதற்கு. அட்டவணை போடும்போதே அதையும் ஒரு பாடவேளைபோல எழுதிவிட்டால், குற்ற உணர்வு பாதியாவது குறையும்.

இத்தனைக்கும் பிறகு, படுத்தாலும் தூக்கம் வராமல், பசியில்லாமல், காரணமின்றி அழுகை வரும் நாட்கள் தொடர்ந்தால், வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு மருத்துவரையோ கல்லூரியின் மனநல ஆலோசகரையோ பாருங்கள்; தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.