நல்ல இழப்பீடு கொடுத்து விவசாய நிலத்தை அரசு எடுத்தால் அதில் என்ன தவறு?

ஊர் வளரத்தான் செய்யும், சாலையும் ஆலையும் வேண்டும், பணமும் நன்றாகத் தருகிறார்கள், அப்புறம் ஏன் விவசாயிகள் எதிர்க்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புதுச்சேரியில் பாகூர் பக்கம், வீட்டில் இன்னும் நெல் வைக்கிறோம், அதனால் இங்கே பார்ப்பதை வைத்தே சொல்கிறேன். எடுத்த நிலத்துக்குப் பணம் வருகிறது, சரி. எடுக்காமல் விட்ட பக்கத்து நிலத்துக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

பாகூரில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டு, அங்கிருந்து பங்காரு வாய்க்கால், அது பாகூர் ஏரியில் விழுகிறது, ஏரி மதகிலிருந்து கிளை வாய்க்கால்கள் பிரிந்து வயலுக்கு வயல் போகிறது. என் வயலுக்குத் தண்ணீர் மேல்மடைக்காரர் வழியாகத்தான் வரும், மழைக்காலத்தில் கூடுதல் தண்ணீர் கீழே இருப்பவர் வயலை ஒட்டிய வடிகாலில்தான் போக வேண்டும். இப்படி ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிற ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில், குறுக்கே ஒரு சாலைக்கு மண் கொட்டி மேடு போட்டால், சாலைக்கு அடியில் போன நிலம் மட்டுமா போச்சு? எங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தில் சாலைக்கு அடியில் வைத்த குழாய் சின்னது, அதுவும் வாய்க்கால் மட்டத்துக்கு மேலே. ஒரு பக்கம் சம்பா நடவு முடிந்த கையோடு முழங்கால் தண்ணீர் நிற்கிறது, மறுபக்கம் அடுத்த போகமான நவரைக்குத் தண்ணீர் ஏறுவதே இல்லை. அந்த வயல்காரர்கள் ஒரு சென்ட் நிலம்கூடச் சாலைக்குக் கொடுக்கவில்லை, அதனால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை.

சட்டமும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1894-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் பல விதத்தில் நல்ல சட்டம். மதிப்புக்கு மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை உண்டு, மூன்று வருடமாக அந்த நிலத்தில் உழைக்கும் கூலியாட்களையும் குத்தகைக்காரர்களையும்கூட, அதுதான் முக்கியப் பிழைப்பு என்றால், பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்கிறது (வாய்மொழிக் குத்தகைக்கு ஆதாரம் எங்கே போய்த் தேடுவது என்பது தனிக் கதை). நிலம் துண்டானால் மீதி நிலத்துக்கான நட்டத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது, ஆனால் நிலம் எடுக்கப்பட்டவருடைய மீதி நிலத்துக்குத்தான் அது. அடுத்த வரப்புக்காரருக்குக் கிடையாது.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவு, இருபோகப் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் சாலை, ரயில் பாதை, கால்வாய், மின்பாதை போல நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருக்கிறது. வாய்க்காலைக் குறுக்கே வெட்டுவது பெரும்பாலும் இந்த வகைத் திட்டங்கள்தானே! தமிழ்நாட்டில் இன்னொன்றும் நடந்தது. 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம், 2001-ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட மூன்று சட்டங்களை 2013 சட்டத்தின் சமூகத் தாக்க ஆய்விலிருந்து (திட்டத்தால் யாருக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே பார்க்கும் ஆய்வு) விலக்கித் திருத்தம் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது, அரசு அதே வருடம் புதிதாகச் சட்டம் போட்டு அவற்றை உயிர்ப்பித்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வு நடந்தால்தான் பக்கத்து வயல்காரர் தன் நட்டத்தை எழுத்தில் பதிய ஒரு இடம் கிடைக்கும். அதைத்தான் விலக்கியிருக்கிறார்கள்.

கடலூர் மாவட்டத்தில் 2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்தது நினைவிருக்கும். நெய்வேலி சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல் மேல் இயந்திரத்தை இறக்கினார்கள். நிலத்தை முன்பே எடுத்துவிட்டோம், பணமும் கொடுத்துவிட்டோம் என்பது சுரங்க நிறுவனத்தின் பதில். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்க உத்தரவானது. காகிதப்படி நிலம் அவர்களுடையதாகவே இருக்கட்டும், கதிர் அறுக்கும்வரை பொறுத்திருக்கக் கூடாதா என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை ஒப்புக்கொள்ளும்படியான பதில் கிடைக்கவில்லை.

அரசு எடுப்பதைவிட மனைப் பிரிவில் போகிற நிலம் எங்கள் பக்கம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது, வில்லியனூர் பக்கமும் கடலூர் போகும் வழியிலும் கண்ணெதிரே தெரிகிறது. 2016-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டில் தடை போட்டது நல்லதுதான், ஆனால் அடுத்த வருடமே அந்த மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்துவிட்டது. மனை வாங்குகிறவர் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்கிறார், உள்ளே ஓடிய வாய்க்காலை மண் போட்டு மூடினார்களா என்று கேட்பதில்லை. மூடிய பிறகு கீழ்மடையில் இரண்டு மூன்று போகம் விட்டுப் போகும், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று ஏறும், பிறகு ஒரு திட்டம் வரும்போது தரிசுதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ள வயலும் வடிகாலும் வேண்டும், அந்த இடங்களில்தான் நாம் மனைக்கல் நடுகிறோம்.

எதையும் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் நெரிசலில் ஆம்புலன்ஸ் நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன், அகலமான சாலை வேண்டும். ஆயக்கட்டுக்குள் சாலை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் மண்மேட்டுக்குப் பதில் தூண் மேல் போடுங்கள், முடியாத இடத்தில் வாய்க்கால் அகலத்துக்குச் சிறுபாலம் விடுங்கள், தண்ணீர் மறிபட்டு நட்டப்படும் வயலையும் கணக்கில் சேருங்கள். செலவு கூடும்தான். இப்போது அந்தச் செலவைப் பக்கத்து வயல்காரர் சுமக்கிறார்.

உங்கள் ஊரிலும் இப்படி அறிவிப்பு வந்தால், தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபத்துக்கு 21 நாள்தான், 2013 சட்டப்படி என்றால் 60 நாள். நில அளவை வரைபடமான புலப்படத்தில் வாய்க்காலையும் வடிகாலையும் குறித்து, அடங்கல் நகலோடு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிலம் போகாத பக்கத்து வயல்காரர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள், எத்தனை அடிக்குச் சிறுபாலம் வேண்டும், அடிமட்டம் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள். மண் கொட்டிய பிறகு அதை மாற்ற வைப்பது மிகக் கடினம்.