எந்த பிக்கப் நீண்ட நாள் உழைக்கும்?

கேள்வி: அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து அருகே வசிக்கிறேன். வீடுகளுக்குத் தரை ஓடு பதிக்கும் வேலை செய்கிறேன். ஓடும் சிமென்ட் மூட்டையும் ஏற்றிச் செல்லப் பத்து ஆண்டு ஓடிய பிக்கப் ஒன்றை வாங்கி, அதை மேலும் பத்து ஆண்டு வைத்திருக்க விரும்புகிறேன். டொயோட்டாதான் உழைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். ஃபோர்டு, செவ்ரோலே, ராம் வண்டிகள் அதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: நண்பர்கள் சொல்வது எஞ்சினைப் பொறுத்தவரை சரி. லூசியானாவில் ஒருவர் வைத்திருந்த 2007-ஆம் ஆண்டு டொயோட்டா டன்ட்ரா, முதலில் பொருத்தப்பட்ட அதே எஞ்சினுடனும் கியர் பாக்ஸுடனும் 10 லட்சம் மைல் ஓடியது. 2016-இல் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்று, அவருக்குப் புதிய வண்டி ஒன்றைக் கொடுத்தது. ஆனால் அந்த வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் ஓடியது. சர்வீஸும் தவறாமல் நடந்தது. காலையில் எஞ்சின் சூடாவதற்குள் கடைக்குப் போய் நிறுத்தி, மறுபடியும் கிளப்பி, நகரத்துக்குள்ளேயே ஓட்டப்படும் வண்டியை அதனுடன் ஒப்பிட முடியாது.

உங்கள் ஊரில் வண்டியைக் கொல்வது எஞ்சின் கோளாறு அன்று, குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பு. அந்த உப்பிடம் டொயோட்டாவே தோற்றிருக்கிறது. 1995 முதல் 2000 வரை வந்த டக்கோமா பிக்கப்புகளின் சேஸ் (வண்டியை அடியில் தாங்கும் இரும்புச் சட்டம்) துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால், 2008-இல் நிறுவனம் அவற்றுக்கு 15 ஆண்டு உத்தரவாதம் அறிவித்து, மோசமாக அரித்துப் போனவற்றைச் சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதன்பின் வந்த 2005–2010 டக்கோமா, 2007–2008 டன்ட்ரா உள்ளிட்ட ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகளின் சேஸ் துரு பற்றிய வழக்கில் 2016-இல் செய்துகொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. ஓடிக்கொண்டே இருக்கக்கூடிய எஞ்சினைத் தாங்க அடியில் சட்டம் இல்லாமல் போன கதை இது.

ஆகவே விலை பேசுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று பெயின்ட் அடித்திருந்த ஒரு பழைய பிக்கப்பின் அடியில், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், நான் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்க வேண்டும். அதுவோ ஈர அட்டையைத் தட்டியதைப் போல மந்தமாக ஒலித்தது. மூன்றாவது தட்டில் சுத்தியல் முனை உள்ளே இறங்கிவிட்டது, பட்டை பட்டையாகத் துரு தரையில் கொட்டியது. சேஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் அரிக்கும் என்பதால், கண்ணால் பார்ப்பது போதாது.

எஞ்சின் விஷயத்தில் நிறுவனத்தின் பெயரைவிட எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்பதுதான் முக்கியம். ஃபோர்டு எஃப்-150-இல் 2004 முதல் 2010 வரை வந்த 5.4 லிட்டர் எஞ்சினில், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும்போது அது பாதியில் ஒடிந்து உள்ளேயே சிக்கிக்கொள்வது, குறிப்பாக 2008-க்கு முந்தையவற்றில், பேர்போன தொல்லை. கேம் பேசர் (வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) தேய்ந்து டக்டக்கென்று ஒலிப்பது இன்னொன்று. செவ்ரோலே சில்வராடோவின் 5.3 லிட்டர் எஞ்சினில், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக எட்டு சிலிண்டர்களில் நான்கை நிறுத்திவைக்கும் அமைப்பு 2007 மாடலிலிருந்து உண்டு. அந்த அமைப்பின் லிஃப்டர் (வால்வைத் தள்ளித் திறக்கும் சிறு பாகம்) சிக்கிக்கொண்டால், அதை இயக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்டும் சேர்ந்து கெடும். ராமின் 5.7 லிட்டர் ஹெமி எஞ்சினிலும் லிஃப்டர் உருளை தேய்ந்து கேம்ஷாஃப்டை அரிப்பதுண்டு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்திலேயே லிஃப்டர் கோளாறின் சத்தம் பல சமயம் கேட்டுவிடும் என்பதால், நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கும் விற்பனையாளரிடம் மறுநாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால், 2015 முதல் 2017 வரை வந்த, 5.0 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட எஃப்-150-ஐத்தான் முதலில் தேடுவேன். சேஸ் சுத்தமாக உள்ள 5.7 லிட்டர் டன்ட்ரா கிடைத்தால் அதற்கும் மேல். ஆனால் உப்புச் சாலையில் ஓடியதற்குக் கூடுதல் விலை கொடுக்க மாட்டேன், தென் மாநிலத்திலிருந்து வந்ததாகப் பார்த்து வாங்குவேன்.

கேள்வி: எஃப்-150-இன் உடல் அலுமினியம் என்கிறார்கள். அப்படியானால் துரு பற்றிய கவலையே இல்லையா? (பஃபலோ, நியூயார்க்)

பதில்: 2015 மாடலிலிருந்து உடலும் பின்பெட்டியும் அலுமினியம், கதவின் அடியும் சக்கர வளைவும் இரும்பைப் போல அரித்து உதிர்வதில்லை. சேஸ் இன்றும் எஃகுதான். பிரேக் குழாய்களையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி: டெக்சாஸில் ட்ரெய்லர் இழுப்பதற்கு டீசல் பிக்கப் வாங்க எண்ணுகிறேன். எது அதிகம் உழைக்கும்?

பதில்: 1989 முதல் டாட்ஜ் வண்டிகளிலும், பின்னர் ராமிலும் வரும் கம்மின்ஸ் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு நிகராக நீண்ட காலம் உழைத்தவை குறைவு, குறிப்பாக 5.9 லிட்டர் எஞ்சின். அதைச் சுற்றியுள்ள கியர் பாக்ஸும் முன்பக்க ஸ்டியரிங் பாகங்களும் அந்த அளவுக்குத் தாங்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2003–2007 ஃபோர்டின் 6.0 லிட்டர் டீசலை, ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் தகடு), ஆயில் கூலர், இஜிஆர் கூலர் (எஞ்சினுக்குள் திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விப்பது) ஆகியவை மாற்றப்பட்டதற்கான பில் இல்லாமல் வாங்க வேண்டாம். 2011–2016 செவ்ரோலே டீசலில் உள்ள சிபி4 உயர் அழுத்த பம்ப் உடைந்தால், அதன் உலோகத் துகள்கள் இன்ஜெக்டர் வரை பரவி எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வைக்கும். 2019, 2020 ராமிலும் இதே பம்ப் பொருத்தப்பட்டுப் பின்னர் திரும்ப அழைத்து மாற்றப்பட்டது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது மாற்றப்பட்டதா என்று சேஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள்.

கேள்வி: வாங்கிய வண்டியின் அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கலாமா?

பதில்: அடிக்கலாம். ரப்பர் போலக் கெட்டியாகும் பூச்சை ஏற்கெனவே துருப்பிடித்த சேஸின் மேல் அடித்தால், ஈரம் அதனுள் சிக்கி அரிப்பு மறைவாகத் தொடரும். உலர்ந்து இறுகாத எண்ணெய் வகையை ஆண்டுதோறும் பனிக்காலத்துக்கு முன், சேஸின் உள்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். தெளித்து முடித்ததும், சேஸின் அடியில் நீர் வடிவதற்காக விட்டிருக்கும் துளைகள் அடைபடவில்லையே என்று விரலால் தடவிப் பாருங்கள்.