கருவாட்டை பாக்கெட் போட்டால் எத்தனை பதிவு, எவ்வளவு செலவு?

கேள்வி: மண்டபத்தில் வீட்டிலேயே நெத்திலி, சாளைக் கருவாடு போட்டு மாதம் சுமார் 60,000 ரூபாய்க்குச் சில்லறையாக விற்கிறோம். இனி 250 கிராம் பாக்கெட் போட்டு கொச்சியில் ஒரு கடைக்கு அனுப்பலாமென்று இருக்கிறோம். எல்லா உரிமமும் எடுத்துத்தர ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆண்டுக்கு 7.2 லட்சம் விற்பனைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் தேவையில்லை, பதிவே போதும். அந்த ஆணையத்தின் ஃபோஸ்காஸ் இணையதளத்தில் ஆதார், போட்டோவோடு படிவம் 'ஏ' நிரப்பினால் ஆண்டுக்கு 100 ரூபாய். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அது சில்லறை விற்பனைக்கும் உண்டு.

செலவு வருவது பாக்கெட்டில்தான். பேக் செய்பவராக எடையளவுச் சட்டத்தில் பதிய 500 ரூபாய். லேபிளில் பெயர், முகவரி, நிகர எடை, எம்ஆர்பி, கிராம் விலை, பேக் செய்த மாதம், காலாவதி, பேட்ச் எண், புகாருக்கான தொலைபேசி எண், 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், அசைவக் குறி எல்லாம் வேண்டும். தமிழில் மட்டும் அச்சடித்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். ஆங்கிலமோ இந்தியோ கட்டாயம், தமிழ் கூடுதலாக இருக்கலாம். இன்னொன்று, அரைகுறையாகக் காய்ந்ததை 250 கிராம் நிறுத்துப் போட்டால் கடைக்குப் போவதற்குள் ஈரம் வற்றி எடை குறையும். அபராதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். நன்றாகக் காய்ந்த பிறகே நிறுங்கள். சில கிராம் கூடுதலாகவே போடுங்கள்.

ஜிஎஸ்டியில்தான் கவனம் வேண்டும். உதிரிக் கருவாட்டுக்கு வரி இல்லை. 25 கிலோ வரை பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டியதற்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். வரியுள்ள சரக்கு மாநில எல்லை தாண்டினால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். சிறு வணிகர்கள் விற்பனையில் 1 சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பதிந்தபின் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விற்பனையே இல்லாவிட்டாலும் 'நில்' ரிட்டர்ன் (விற்பனை இல்லை என்ற கணக்கு) போட்டாக வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய். ஆடிட்டர் கூலி தனி.

ஆகவே முதல் வருஷம் பாக்கெட்டை பரமக்குடி, மதுரைக் கடைகளோடு நிறுத்துங்கள். கொச்சிக்கு 30 கிலோ மூட்டையாக அனுப்பி, அவர்களே பேக் செய்துகொள்ளட்டும். வரியும் இல்லை, சில்லறைப் பாக்கெட்டின் லேபிள் தொல்லையும் இல்லை. லாபம் குறையும்தான். ஆனால் மாதம் நூறு, இருநூறு பாக்கெட்டுக்காக ஜிஎஸ்டி எடுப்பது கட்டுப்படியாகாது. பாக்கெட் மட்டும் மாதம் லட்சத்தைத் தொட்டால் கணக்கு மாறும்; அப்போது கவர், அட்டைப்பெட்டிக்குக் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். எதுவானாலும் மூட்டையில் கடல் அட்டை என்ற கடல் உயிரினம் கலந்துவிடக் கூடாது. அது 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அபராதத்தோடு போகாது, சிறை வரை போகும்.

விதிகளால் நமக்கு ஆதாயமும் உண்டு. உத்யம் எண் இருந்தால், சரக்கை எடுத்தவர் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். அதற்கு உத்யம் எண் போட்ட பில்லும், சரக்கு வாங்கியதற்கான கையெழுத்தும் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி மூட்டை ஏற்றிவிட்டால் புகாரில் காட்ட எதுவும் இருக்காது.